தொழிலொலியும் இசையொலியும்: வீடியோ விளையாட்டொலியைத் தழுவிய மின்னிசைக் குழுக்கள் – ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களிலே விடியலின் முதலொலியாக நெடுங்காலம் கேட்டது தப்பொலியாகும். அக்கரப்பத்தனை போன்ற உயர்மலைப் பகுதிகளிலே, பனிமூட்டம் விலகுமுன்னரே லயத்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த ஒலி அது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் நாவிலே ‘பிரட்டு’ என்றாயிற்று. படையணிக்குரிய ஒரு சொல் கொழுந்து பறிப்போரின் அணிவகுப்புக்கு வந்து சேர்ந்தமையே அக்காலத் தோட்ட வாழ்வின் தன்மையை ஓரளவு உணர்த்தும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் கவிதை நூலும் இவ்விடியற்காலத்து முழவொலியை நினைவூட்டியே தொடங்குகின்றது. ஆயின் இதே தப்புத்தான் மாசி மாதத்துக் காமன் கூத்திலே மதனையும் ரதியையும் ஆடச் செய்தது. கோயில் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் முழங்கியது. காலையிலே துரைத்தனத்தின் கட்டளையாகக் கேட்ட கருவி இரவிலே மக்களின் கலைக்கருவியாயிற்று. கட்டளையாகவும் அறிவிப்பாகவும் பிறந்த ஓர் ஒலி எக்கட்டத்திலே, யாருடைய கையிலே இசையாக மாறுகின்றது என்பது எளிதில் விடை கூற முடியாத வினாவாகும்.

இவ்வினா மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்கூற்றிலே யப்பானில் தோன்றி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய ஒருவகை மின்னிசை இதே வினாவைப் பிறிதொரு களத்திலே எழுப்பியது. நாணயமிட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரங்களின் ஒலிகளைத் தமது இசைக்கு மூலப்பொருளாகக் கொண்ட குழுக்களின் இசையே அது. சிறுவர் பொழுதுபோக்கின் பக்கவிளைவு என்று அதனைத் தள்ளிவிடுவோர் பலர். அது அவ்வாறு தள்ளத்தக்கதன்று என்பதை அதன் வரலாறே காட்டும்.

ஜேர்மானியப் பொருளியலறிஞர் காள் பியூகர் 1896 இல் வெளியிட்ட ‘உழைப்பும் தாளமும்’ என்னும் நூலிலே, கூட்டு உழைப்பின் உடலசைவிலிருந்தே தாளமும் பாடலும் பிறந்தன என்று வாதிட்டார். பேராசிரியர் க. கைலாசபதியின் ஆசிரியரான ஜோர்ஜ் தொம்சன் இக்கருத்தை எடுத்தாண்டமையால் ஈழத்து ஆய்வுலகுக்கும் இது பழக்கமானதே. நாற்று நடுவோரின் பாடலுக்கும் ஏலேலோப் பாட்டுக்கும் பியூகரின் விளக்கம் நன்கு பொருந்தும். பிரட்டுத் தப்புக்கு அது பொருந்துவதில்லை. அத்தாளம் உழைப்போரின் உடலிலிருந்து எழுந்ததன்று. அவ்வுடலை அசைப்பதற்காக வெளியிலிருந்து வந்தது. விளையாட்டியந்திரத்தின் ஒலியும் அத்தகையதே. அதனை முதலில் வேண்டியவன் ஆடுபவன் அல்லன், கூடத்தின் உரிமையாளனே. வழியிற் செல்பவனை அழைப்பதும், ஆடுபவனின் நெஞ்சத் துடிப்பை விரைவுபடுத்தி அடுத்த நாணயத்தை இடச் செய்வதுமே அவ்வொலியின் தொழில். ஒருவன் இன்பத்துக்காகக் காசு கொடுக்கின்றான், மற்றவன் பிழைப்புக்காக நாட்சம்பளத்துக்குச் செல்கின்றான் என்ற வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் இரண்டிடத்தும் ஒலி ஏவலாகவே தொடங்கியது என்ற அளவில் ஒப்புமை உண்டு.

விளையாட்டொலியின் தொடக்கம் மிகவும் எளிமையானது. அட்டாரி நிறுவனம் 1972 இல் வெளியிட்ட ‘பொங்’ என்னும் விளையாட்டை அமைத்த பொறியியலாளர் அலன் அல்கோர்னிடம் கூட்டத்தின் ஆரவாரம் போன்ற ஒலி வேண்டும் என்று கேட்கப்பட்டது. அதற்குரிய உறுப்புகளைச் சேர்க்க வசதியில்லாத நிலையில், படத்தை ஒழுங்குபடுத்தும் மின்சுற்றிலே ஏற்கெனவே இருந்த அதிர்வுகளுட் பொருத்தமானவற்றை அவர் தேடியெடுத்து ஒலியாக்கினார். அவ்வொலிக்கு இசையமைப்பாளன் என்று எவனுமில்லை. 1978 இல் யப்பானின் தைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இன்னொரு படி முன்சென்றது. இறங்குமுகமான நான்கு தாழ்சுருதிகள் அதிலே இடைவிடாது திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைவர் தொகை குறையக் குறைய இயந்திரத்தின் வேலை இலகுவாகி எஞ்சியோர் விரைந்து நகர்வர். அதனோடு அந்நான்கு சுரங்களும் விரைவுறும். காலம் மாறுந்தோறும் கேட்போனின் குருதியும் மாறும் என்பதை உடுக்கடிப்போர் இயந்திரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். இங்கு அதனைச் செய்தது ஒரு கணிப்பியின் சுமைக்குறைவு.

அதே 1978 ஆம் ஆண்டிலேதான் ஹருவோமி ஹொசோனோ, ரியூயிச்சி சகமொத்தோ, யுகிஹிரோ தகஹாஷி ஆகிய மூவரும் ‘யெல்லோ மஜிக் ஓகெஸ்ட்ரா’ என்னும் குழுவைத் தோக்கியோவில் அமைத்தனர். நவம்பர் மாதத்தில் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டிலே ‘கொம்பியூட்டர் கேம்’ என்ற தலைப்பில் இரு சிறு பகுதிகள் இடம்பெற்றன. ஒன்று ‘சேர்க்கஸ்’ என்ற விளையாட்டின் பெயராலும் மற்றது ‘இன்வேடர்’ பெயராலும் அமைந்தது. விளையாட்டுக் கூடத்தின் வாயிலிலே நிற்பது போன்ற ஒலிக்குழப்பம் முதலில் எழுகின்றது. அதனூடாகவே கேட்போன் இசைக்குள் நுழைகின்றான். றோலண்ட் நிறுவனம் 1977 இல் வெளியிட்ட எம்.சி.-8 என்னும் நுண்கணிப்பியை ஹிதேகி மட்சுதாகே இவர்களுக்காக இயக்கினார். சுரங்களை எண்களாக ஒவ்வொன்றாக உட்செலுத்தினாலன்றி அக்கருவி ஒலிக்காது. பொழுதுபோக்கின் இசை என்று கூறப்படுவதன் பின்னே இத்தகைய பொறுமையான வேலை இருந்தது.

இவ்விசைத்தட்டின் வரலாற்று முக்கியத்துவம் விளையாட்டொலியைச் சேர்த்தமையுடன் முடிந்துவிடவில்லை. அவ்வொலியைத் தொடர்ந்து வரும் ‘பயர்கிறாக்கர்’ என்ற இசை, அமெரிக்கரான மாட்டின் டெனி 1959 இல் வெளியிட்டது. ஆசியாவைக் கண்டறியாத மேலைத்தேய வீட்டு முற்றங்களுக்கென ஆக்கப்பட்ட கற்பனைக் கீழைத்தேயம் அது. அந்தக் கற்பனையை மின்கருவிகளாலே மீள வாசிக்க வேண்டும் என்பதே ஹொசோனோவின் தொடக்க எண்ணம். யப்பானியரை மூங்கிலும் மணியும் கொண்டு படம்பிடித்த மேலைத்தேயம், 1970 களின் முடிவில் அவர்களை இயந்திரங்களின் மக்களாகக் காணத் தொடங்கியிருந்தது. இவ்விரு பழைய, புதிய படங்களையும் ஒரே தட்டிலே அடுத்தடுத்து வைத்துச் சிரித்த குழு இது. பிறர் தம்மீது ஒட்டிய அடையாளத்தைத் தாமே எடுத்து வாசித்துக்காட்டும் துணிவு அவர்களிடம் இருந்தது. இத்தட்டின் தனிப்பாடல் 1980 இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 17 ஆம் இடத்தை எட்டியது. அதே ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே புகழ்பெற்ற ‘சோல் ட்ரெயின்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் குழுவினர் தோன்றினர். விளையாட்டியந்திரத்தின் ஒலி அமெரிக்க நடனமேடைக்கு யப்பானியர் வழியாக வந்தமை கவனிக்கத்தக்கது.

ஜேர்மனியின் ‘கிராவ்ட்வேர்க்’ குழு 1981 இல் வெளியிட்ட ‘கொம்பியூட்டர் வேர்ல்ட்’ இசைத்தட்டிலே சட்டைப்பைக் கணிப்பானையே இசைக்கருவியாக்கியது. மறுபுறத்தில், அமெரிக்காவில் பக்னர், கார்சியா என்ற இருவர் பாடிய ‘பக்-மேன் பீவர்’ 1982 இல் அந்நாட்டுப் பட்டியலின் 9 ஆம் இடம்வரை சென்றது. அது விளையாட்டைப் பற்றிய பாட்டு. விளையாட்டொலியிலிருந்து பிறந்த இசையன்று. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாதவிடத்து இத்துறையின் வரலாறு வெறும் விற்பனைப் பட்டியலாகிவிடும்.

1984 இல் ஹொசோனோவின் மேற்பார்வையில் ‘வீடியோ கேம் மியூசிக்’ என்ற பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. நம்கோ நிறுவனத்தின் ‘பக்-மேன்’, ‘செவியஸ்’ முதலிய விளையாட்டுகளின் ஒலிகள், இயந்திரத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, கேட்பதற்கென்றே முதன்முதலாக ஒழுங்குசெய்யப்பட்டன. ‘செவியஸ்’ விளையாட்டுக்கு ஒலியமைத்தவர் யுரிகோ கெய்னோ என்னும் பெண்மணியாவார். அவரது பெயர் இன்று அறியப்படுகின்றது. ஆயின் அக்காலத்துப் பல யப்பானிய நிறுவனங்கள், தம்மிடம் பணிபுரிந்த இசையமைப்பாளரைப் போட்டியாளர் கவர்ந்து செல்லாதிருக்கும் பொருட்டு, உண்மைப் பெயரை வெளியிட விடாது புனைபெயர்களையே இட்டன. கோடிக்கணக்கானோரின் காதிலே நாள்தோறும் ஒலித்த மெட்டுகளை ஆக்கியோர் ஊரும் பேருமற்றிருந்தனர். நாட்டார் பாடலின் ஆசிரியன் பெயரற்றவன் என்பது நாம் வழமையாகக் கூறும் இலக்கணம். காலத்தால் மறைந்த பெயர் வேறு, ஒப்பந்தத்தால் மறைக்கப்பட்ட பெயர் வேறு. முன்னையதைக் கொண்டு பின்னையதை நியாயப்படுத்த இயலாது.

இவ்விசையின் அழகியலைப் புரிந்துகொள்ள அதன் கருவிகளின் வறுமையைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும். 1982 இல் வெளிவந்த ‘கொமடோர் 64’ வீட்டுக் கணினியின் ஒலிச் சில்லிலே மூன்றே குரல்கள் இருந்தன. அதனை வடிவமைத்த பொப் யானஸ், விளையாட்டுக் கணினிக்கு அது போதும் என்ற எண்ணத்துடன் நிற்காது, உண்மையான இசைக்கருவியொன்றை அச்சிறு சில்லினுள் அடக்க முயன்றவர். 1983 இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘பமிகொம்’ இயந்திரத்திலே சதுர அலைக்குரல்கள் இரண்டு, முக்கோண அலைக்குரல் ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவுசெய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று என ஐந்து வழிகள் இருந்தன. மெட்டு, துணைமெட்டு, அடித்தளம், தாளம் யாவும் இவற்றுள் அடங்க வேண்டும். மேலைத்தேய இசைக்கு இன்றியமையாத மூன்று சுரக் கூட்டொலிக்கே இயந்திரத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும். அதனால் ரொப் ஹபார்ட், மாட்டின் கால்வே போன்ற இசையமைப்பாளர்கள் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். ஒரே குரலிலே மூன்று சுரங்களையும் செக்கனுக்குப் பல முறை மாறிமாறி ஒலிக்கச் செய்தனர். காது அவற்றைப் பிரித்தறிய இயலாது கூட்டொலியாகவே கொள்ளும். ஆனால் அதிலே ஒரு நடுக்கமும் மினுக்கமும் எஞ்சியிருக்கும். குறையை மறைக்கச் செய்த அந்த உபாயத்தின் நடுக்கமே பின்னர் இவ்விசை முழுவதற்கும் உரிய அடையாளமாயிற்று. தப்படிப்போனும் தடித்த குச்சியொன்றையும் மெல்லிய நீண்ட குச்சியொன்றையும் கொண்டு ஒரே தோலிலிருந்து பல குரல்களை எழுப்புகின்றான். சாவுக்கொரு அடி, சாமிக்கொரு அடி, கூத்துக்கொரு அடி எனக் கேட்போர் வேறுபாடறிந்து எழுந்திருப்பது அதனாலேயே.

1989 இல் வெளிவந்த ‘கேம்போய்’ என்னும் கைக்கருவி நான்கு ஒலிவழிகளையே கொண்டது. அதனோடு உலகெங்கும் பரவிய ‘டெட்ரிஸ்’ விளையாட்டின் மெட்டு, ‘கொரொபெய்னிகி’ என்னும் ருசியப் பாடலினுடையது. நெக்ராசோவ் 1861 இல் எழுதிய கவிதையிலிருந்து மக்கள் பாடலாகிய அது, ஊர்ஊராகச் சுமை தூக்கித் திரிந்த சிறு வியாபாரிகளைப் பற்றியது. 1992 இல் அண்ட்ரூ லொயிட் வெபர் உள்ளிட்ட இருவர் ‘டொக்டர் ஸ்பின்’ என்ற பெயரில் அதனை மின்னிசையாக்க, அது பிரித்தானியப் பட்டியலில் 6 ஆம் இடத்தைப் பெற்றது. சுமைகாரனின் பாட்டு யப்பானியக் கருவியில் ஏறி இலண்டன் நடனக்கூடத்தை அடைந்த இப்பயணத்திலே பாட்டின் பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மெட்டு மட்டும் பிழைத்தது.

உண்மையான திருப்பம் இதற்குப் பின்னரே நேர்ந்தது. 1998 இல் ஜேர்மனியின் ஒலிவர் விட்சோவ் ‘நனோலூப்’ என்னும் செயலியையும், 2000 இல் சுவீடனின் யொஹான் கொட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டீஜே’ என்னும் செயலியையும் கேம்போய்க்கென எழுதினர். இவற்றைக் கருவியினுட் செருகியதும் விளையாட்டு மறைந்து, அதே நான்கு வழிகளிலே எவரும் இசை எழுதக்கூடிய பலகை திரையில் தோன்றும். இதுவரை விற்பவன் ஒலிக்க, வாங்குபவன் கேட்டான். இப்பொழுது வாங்குபவன், அதுவும் பலர் வீசியெறிந்த பழைய கருவியை மலிவாக வாங்குபவன், ஒலியின் ஆசிரியனானான். உற்பத்திச் சாதனம் கைமாறிற்று என்று கூறுதல் மிகையாகலாம். எனினும் சிறிய அளவில் நிகழ்ந்தது அதுவேயாகும். 1999 இல் நியூ யோர்க்கில் ‘எயிட்பிட் பீப்பிள்ஸ்’ என்ற வெளியீட்டுக் கூட்டு தோன்றி இத்தகைய இசையை விலையின்றிப் பரப்பியது. 2006 முதல் சில ஆண்டுகள் அந்நகரிலே ‘பிளிப்’ விழாவும் நடைபெற்றது. பங்க் இசையைச் சந்தைக்குக் கொணர்ந்த மல்கம் மக்லாரன் 2003 இல் இவர்களைப் புதிய பங்க் இசைஞர் எனப் போற்றி எழுதினார். சந்தையறிந்தவரின் பாராட்டைச் சற்றே ஐயத்துடன் நோக்குவதே நன்று.

குழுக்களும் எழுந்தன. 2003 இல் தோக்கியோவில் உருவான ‘வை.எம்.சி.கே.’ பமிகொமின் ஒலியிலே ஜாஸ் இசையின் மென்மையைக் கொண்டு வந்தது. நியூ யோர்க்கின் ‘அனமனகுச்சி’ அதே சில்லின் ஒலியைக் கிற்றார், மத்தளங்களோடு இணைத்து மேடையேறியது. 2010 இல் வெளிவந்த ‘ஸ்கொட் பில்கிரிம்’ விளையாட்டுக்கு இசையமைத்தவர்களும் இக்குழுவினரே. விளையாட்டிலிருந்து புறப்பட்ட ஒலி முப்பது ஆண்டுகள் வெளியே அலைந்து விளையாட்டுக்கே இசைஞனாகத் திரும்பியது.

இத்தகைய மின்னொலிக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு நேரடியாக விளையாட்டின் வழி வந்ததன்று. பம்பாயில் சரண்ஜித் சிங் 1982 இல் றோலண்ட் நிறுவனத்தின் மூன்று இயந்திரங்களைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தில் பதிவுசெய்தார். அன்று கவனிப்பாரற்றுக் கிடந்த அவ்விசைத்தட்டு 2010 இல் மறுபதிப்புப் பெற்றபின்னரே உலகை வியக்க வைத்தது. தமிழிலே இளையராஜா 1986 இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ ஆகிய திரைப்படங்களில் கணினிவழி இசைக்கோப்பைக் கையாண்டார். ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாடலிலே இயந்திர ஒலி கதையின் ஏவுகணைக்கும் கணினிக்கும் குறியீடாக நின்றது. தோட்டக் கோயில்களின் ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாக இளையராஜாவின் இசை மலைச்சரிவுகளிலே பரவிய காலம் அது. தப்பும் கணினித் தாளமும் ஒரே திருவிழா இரவிலே அடுத்தடுத்துக் கேட்கக்கூடியனவாயின.

இவற்றினும் நெருங்கிய உதாரணம் ‘எம்.ஐ.ஏ.’ எனப் பெயர்பெற்ற மாதங்கி அருள்பிரகாசம் ஆவார். 1975 இல் இலண்டனில் பிறந்து, இளமையை ஈழத்திலே கழித்து, 1986 இல் அகதியாக இலண்டன் மீண்ட அவர், இசைப்பயிற்சி எதுவுமின்றி றோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றை இயந்திரத்திலே தமது முதற்பாடல்களை அமைத்தார். தந்தையின் பெயரால் 2005 இல் ‘அருளர்’, தாயின் பெயரால் 2007 இல் ‘கலா’ என இரு இசைத்தொகுப்புகள் வந்தன. முதலாவது முற்றிலும் இயந்திரத்தின் சிக்கனமான, கரடுமுரடான ஒலி. இரண்டாவதிலே தமிழகத்து உறுமி அவ்வியந்திரத்தோடு மோதுகின்றது. சாவு ஊர்வலத்திலும் சிறுதெய்வக் கோயிலிலும் அன்றி வேறிடம் பெறாதிருந்த கருவி மேலைத்தேய நடனக்கூடத்திலே ஒலித்தது. கற்றோர் இசையென ஏற்க மறுத்த இரண்டு ஒலிகள், ஒன்று மலிவான இயந்திரத்தினுடையது, மற்றது ஒடுக்கப்பட்ட சாதியினருடையது, ஒரே தட்டில் ஒன்றையொன்று தாங்கி நின்றன. யெல்லோ மஜிக் ஓகெஸ்ட்ரா செய்ததிலும் இது ஆழமானது எனலாம். அவர்கள் பிறர் வரைந்த படத்தைக் கேலிசெய்தனர். இவர் சொந்த ஊரிலேயே தள்ளிவைக்கப்பட்டதை எடுத்தார்.

எடுத்தல் என்ற சொல் இன்னொரு சிக்கலையும் நினைவூட்டும். பின்லாந்தைச் சேர்ந்த யான்னே சூனி என்பவர் 2000 இல் பழைய கணினிக்கென எழுதிய ‘அசிட்ஜாஸ்ட் ஈவினிங்’ என்னும் சிறு இசை, அந்நாட்டுக் கணினிக் கலைஞர் விழாவொன்றிலே முதலிடம் பெற்றது. நெலி பர்ட்டாடோ பாடி, டிம்பலாண்ட் தயாரித்த ‘டூ இட்’ என்ற பாடலில் அவ்விசை அனுமதியின்றி எடுத்தாளப்பட்டதெனக் குற்றச்சாட்டு எழுந்து, வழக்கு அமெரிக்க நீதிமன்றம் சென்றது. 2011 இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2012 இல் மேன்முறையீடும் தோற்றது. காரணம், அவ்விசை அமெரிக்காவிலே உரிய முறையிற் பதிவுசெய்யப்படவில்லை என்பதே. எடுத்தாண்டது தகுமா தகாதா என்ற மூலவினாவை நீதிமன்றம் தொடவேயில்லை. விலையின்றிப் பகிர்ந்து, பதிவேடுகளுக்கு வெளியே வாழ்ந்த ஒரு கலைச் சமூகம், பதிவேடு உள்ளவர்களின் மன்றத்திலே நிற்கும்போது நேர்வது இதுதான்.

மலையக மக்களுக்குப் பதிவேட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தாம் பிறந்த மண்ணிலே தாம் பிறந்தமைக்கான பத்திரத்தை அவர்களிடம் கேட்டது. அவர்களின் பாடல்களுக்கும் பத்திரம் இருந்ததில்லை. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கியிராவிடில் பல பாடல்கள் பாடியோருடனேயே மறைந்திருக்கும். நூலிலே சொற்களைக் காக்க முடிந்தது. தப்பின் அடிகளைக் காப்பது வேறு வேலை. அவை அடிப்பவரின் மணிக்கட்டிலேதான் உள்ளன. அக்கருவியைச் சாதியிழிவின் சின்னமெனக் கைவிட வேண்டும் என்போரும், மக்கள் கலையென மேடையேற்ற வேண்டும் என்போரும் தமிழகத்திலும் ஈழத்திலும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். இழிவு கருவியில் இல்லை, அதனை ஒருவன்மீது பிறப்பால் சுமத்தியதிலேயே உள்ளது என்ற நிலைப்பாடே ஏற்புடையது. எனினும் அடிப்பவன் தானே விரும்பி அதனை எடுக்கும்வரை, மேடையும் இன்னொரு பிரட்டுக்களமாகவே இருக்கக்கூடும்.

கேம்போய் உற்பத்தி 2003 இல் நின்றது. அதனைக் கொண்டு இசைப்போர் பழைய கருவிகளைத் தேடி வாங்கி, மேலோட்டைத் திறந்து, உள்ளிருக்கும் பெருக்கியின் இரைச்சல் கலக்குமுன்னரே ஒலியை வெளியே கொணருமாறு மெல்லிய கம்பியைத் தாமே பற்றவைத்துக்கொள்கின்றனர். மேடையேறுமுன் மின்கலங்களை மாற்றி, திரையின் மங்கல் ஒளியிலே சுரங்களைச் சரிபார்க்கின்றனர். அக்கரப்பத்தனையின் மாசிப் பனியிலே தோல் ஈரமுற்றுத் தளர்ந்துவிடும். காமன் திடலின் ஓரத்தில் சருகும் விறகும் இட்டு மூட்டிய தீயிலே தப்பைக் காட்டிக் காட்டி, விரலாற் தட்டிப் பார்த்து, குரல் ஏறியதும் அடிப்பவர் எழுந்து வட்டத்துக்குள் வருகின்றார்.